தோம்பில் எழுதிய விசுவாசம்

கொழும்பிலே, புறக்கோட்டையின் கடைவீதிகள் ஓய்ந்து நிலம் மெல்ல உயரத் தொடங்குமிடத்தில், சிங்களவர் அளுத்கடை என்றும் தமிழர் புதுக்கடை என்றும் வழங்கும் மேட்டின்மேல், இலங்கையின் நியாயஸ்தலங்கள் நெடுங்காலமாக நிலைபெற்றிருக்கின்றன. சட்டத்தரணிமார் கறுப்பங்கி அணிந்து விரையும் அந்த முற்றங்களிலே, சாட்சிக் கூட்டில் ஏறும் கிறிஸ்தவர் ஒருவர் வேதப்புத்தகத்தைக் கையில் ஏந்திச் சத்தியம் செய்வதை நாம் சாதாரணமான ஒரு சடங்காகவே பார்த்துப் பழகிவிட்டோம். அந்தப் புத்தகம் இந்நகரத்திலே எவ்வாறு தமிழிற் பெயர்க்கப்பட்டு அச்சேறியது, அதன் வசனம் பிரசங்க பீடத்திலிருந்து இறங்கி எப்பொழுது மாந்தருடைய நடக்கைக்குள் புகுந்தது, எப்பொழுது புகமாட்டாமல் வாசலிலேயே நின்றுவிட்டது என்னும் வரலாறு, மேட்டைச் சுற்றியுள்ள தெருக்களிலும் கோயில்களிலும் இன்றைக்கும் படிந்து கிடக்கிறது. நீதிமன்றத்துக்கு வழக்குக்காக வருபவர் எவரும் அதைத் தேடுவதில்லை. தேடத்தக்கது என்பதே என் எண்ணம்.

மேட்டுக்கு ஐரோப்பியர் வழங்கிய பெயர், கொழும்பு முற்றுகையை நடத்திய ஒல்லாந்தச் சேனாபதி ஜெரார்ட் ஹுல்ஃப்ட் என்பவருடையது. கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு கூட்டுறவு பூண்டு போர்த்துக்கேயரை எதிர்த்த அவர், 1656 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் முற்றுகைக் களத்திலேயே குண்டுபட்டு மாண்டார். ஒரு மாதங் கழித்து, மே 12 ஆம் திகதி, பட்டணம் ஒல்லாந்தர் வசமாயிற்று. அன்று கைமாறியது கோட்டை மாத்திரமன்று. கரையோர நாட்டுக் கிறிஸ்தவர்களுடைய சமய வாழ்வும் ஒரே நாளில் எசமானரை மாற்றிக்கொண்டது. போர்த்துக்கேயரின் குருமார் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். கத்தோலிக்க வழிபாடு விலக்கப்பட்டது. ஒல்லாந்தின் சீர்திருத்தச் சபையே அரசாங்கத்தின் சபையாயிற்று.

இந்தச் சபை தன் கோட்பாட்டின் மூலாதாரமாக வேதவசனத்தையே கொண்டது. பாரம்பரியமன்று, குருவின் அதிகாரமன்று, எழுதப்பட்ட தேவவார்த்தையே மனிதனுடைய விசுவாசத்துக்கும் நடக்கைக்கும் அளவுகோல் என்பது அதன் உறுதியான போதனை. அப்படிப் போதித்த சபை, நாட்டு மக்களுடைய மொழியில் அந்த வார்த்தையைக் கொடுக்கும் முன்னரே, அவர்களைக் கணக்கிலெடுத்துக்கொண்டது என்பதுதான் நாம் துக்கத்தோடு கவனிக்கவேண்டியது. கிராமந்தோறும் பள்ளிக்கூடம் அமைக்கப்பட்டது. பள்ளிக்கூடந்தோறும் தோம்பு என்னும் பதிவேடு ஒன்று வைக்கப்பட்டது. பிறந்த பிள்ளையின் ஞானஸ்நானமும் வாலிபரின் விவாகமும் உபாத்தியாயரால் அதிற் பதியப்பட்டன. நாட்டை ஆண்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் கீழ் உத்தியோகம் வகிக்க விரும்பியவர் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவராயிருத்தல் வேண்டும். சட்டத்தின் முன் ஒரு பிள்ளையின் உரிமையை நாட்டுவதற்குத் தோம்பின் பதிவே சாட்சி. இவ்வாறு காணிக்கும் முதுசத்துக்கும் உத்தியோகத்துக்கும் வாசலாக ஞானஸ்நானம் மாறிய பின்பு, அந்த வாசலால் நுழைந்தவர் எத்தனைபேர் என்று எண்ணுவது எளிதாயிருந்தது. அவர்களுள் எத்தனைபேருடைய மனச்சாட்சியை வசனம் தொட்டது என்று அறிய அந்தத் தோம்பிலே ஒரு பத்தியும் இருக்கவில்லை.

பிரசங்கத்தின் நிலைமையோ இதினும் பரிதாபம். ஐரோப்பாவிலிருந்து வந்த குருமார் தொகையிற் சிலர். அவர்களுள்ளும் தமிழோ சிங்களமோ கற்றுத் தேர்ந்தவர் மிகச் சிலர். ஏனையோர் துவிபாஷிகளைக் கொண்டு பேசினர். குரு இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், அதாவது பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில், பள்ளிக்கூட உபாத்தியாயர் மேலிடத்தார் அங்கீகரித்து அனுப்பிய பிரசங்கத்தை ஏட்டிலிருந்து வாசித்தார். பிரசங்கம் என்பது, கேட்போருடைய ஊரையும் தொழிலையும் குற்றத்தையும் துன்பத்தையும் அறிந்த ஒருவர், வேதவாக்கியத்தை அவர்களுடைய நடுவீட்டுக்குக் கொண்டுவந்து வைப்பதாகும். எங்கோ எழுதப்பட்டு, எவரோ பெயர்த்து, வேறெவரோ வாசிக்கக் கேட்டவர்கள், அதைத் தங்கள் வாழ்க்கையை நோக்கி ஏவப்பட்ட வார்த்தையாக எண்ணியிருக்கக் காரணமில்லை. வராதவர்க்குத் தண்டம் விதிக்கும் வழக்கமும் இருந்தபடியால், வந்தவர் வந்ததற்கான காரணத்தையும் நாம் நிச்சயமாகச் சொல்ல முடியாமற் போகிறது.

இந்தக் குறையைச் சிலர் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர் என்பதையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் ஊழியஞ்செய்த பிலிப்பு பல்தேயஸ் பாதிரியார் தமிழ் கற்று, மத்தேயு சுவிசேஷத்தைத் தமிழாக்க முயன்றவர். 1672 இல் வெளியான அவருடைய பெருநூல் கீழைத்தேசத்தைப்பற்றி ஐரோப்பா அறிந்துகொண்ட பெரிய வாயில்களுள் ஒன்று. நாட்டாரிலிருந்தே குருமாரைத் தோற்றுவிக்கவேண்டும் என்னும் நோக்கத்துடன் 1690 இல் யாழ்ப்பாணம் நல்லூரிலும் 1696 இல் கொழும்பிலும் செமினரி என்னும் குருமடங்கள் நிறுவப்பட்டன. நல்லூர்க் குருமடம் 1723 இல் மூடப்பட, கொழும்புக் குருமடமே எஞ்சியது. தேசாதிபதி வான் இம்ஹொஃப் அதற்குப் புத்துயிர் அளித்தார்; இலங்கையின் முதலாவது அச்சுக்கூடமும் கொழும்பிலே எழுந்தது. 1737 இல் அது சிங்களத்தில் நூலச்சிடத் தொடங்கிற்று. அடுத்த சில ஆண்டுகளுக்குள் தமிழெழுத்தும் வார்க்கப்பட்டது. 1741 இல் மத்தேயு சுவிசேஷம் தமிழில் இங்கிருந்து வெளிவந்தது. கடலுக்கப்பால் தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் புதிய ஏற்பாட்டை அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே, 1715 இல், முற்றாக அச்சிட்டிருந்தார் என்பதை நினைக்குமிடத்து, ஒன்றரை நூற்றாண்டு ஆட்சிபுரிந்த ஒரு வல்லரசு வேதத்தைத் தமிழிற் கொடுப்பதில் எத்துணை மந்தமாயிருந்தது என்பது விளங்கும்.

கொழும்புக் குருமடத்தின் மெய்யான பலன் ஒரு மனிதரிலே தோன்றிற்று. பிலிப்பு தெ மெல்லோ என்னும் அவர் 1723 இல் கொழும்பிலே பிறந்த தமிழர். எபிரெயம், கிரேக்கம், இலத்தீன், ஒல்லாந்தம், போர்த்துக்கேயம் ஆகிய பாஷைகளைக் குருமடத்திற் கற்று, அங்கேயே போதகாசிரியராயிருந்து, ஒல்லாந்தச் சபையிற் குருப்பட்டம் பெற்ற முதற் சுதேசியானவர். கத்தோலிக்கருக்கு மறுமொழியாக அவர் எழுதிய சத்தியத்தின் ஜெயம் என்னும் நூல் 1753 இல் வெளிவந்தது. அவருடைய கைபட்ட தமிழ்ப் புதிய ஏற்பாடு 1759 இல் கொழும்பு அச்சுக்கூடத்திலிருந்து வெளிவந்தது. மூலபாஷையோடு ஒப்புநோக்கி, தமிழ் காதுக்கு இயைய வாக்கியங்களைத் திருத்தி, ஓர் இலங்கைத் தமிழரே அந்தப் பணியில் தலைப்பட்டு நின்றது சிறிய காரியமன்று. பின்னர் யாழ்ப்பாணத்துச் சபைகளில் ஊழியஞ்செய்து 1790 இல் அவர் காலமானார். கொழும்புச் செட்டி குலத்தவரும் தமிழறிஞரும் நீதித்துறை உத்தியோகத்தருமான சைமன் காசிச்செட்டி, தமிழ்ப் புலவர்களைப்பற்றி 1859 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட சரித்திர நூலிலே இவருக்கும் இடமளித்தபடியாலேதான், நம்மவருள் இவருடைய நினைவு முற்றிலும் அழியாமலிருக்கிறது.

தெ மெல்லோவின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் அருமையாகத் தோன்றுவது அவருடைய ஒரு நட்பு. யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த கூழங்கைத் தம்பிரான் என்னும் துறவி, இலக்கணப் பேரறிவாளர், யோசேப்பின் கதையைப் புராணமாகப் பாடி அதை இந்த நண்பருக்கு உரிமையாக்கினார். வேதாகமத்தின் கதைகளுட் பிரதானமான ஒன்றைத் தமிழ்ப் புராண மரபிலே அமைத்தற்கு எந்தத் தோம்பும் எந்தத் தண்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை; கதையின் மாட்சியும் நண்பரின்மீதுள்ள அன்புமே போதியனவாயிருந்தன. அந்தக் கதையோ, சொந்தச் சகோதரராலேயே அந்நியருக்கு விற்கப்பட்டு அடிமையாகி எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்ட ஒரு பிள்ளையின் கதை. அதைப் பாடிய புலவரும் பாடக்கேட்ட குருவும் வாழ்ந்த யாழ்ப்பாணத்தில் மனிதரை விற்பதும் வாங்குவதும் சட்டம் அனுமதித்த வியாபாரமாயிருந்தது.

ஒல்லாந்தச் சபையாரைமாத்திரம் பேசி, அவர்கள் துன்புறுத்திய கத்தோலிக்கரைப் பேசாமல் விடுவது நீதியன்று. குருமார் துரத்தப்பட்டு, கோயில்கள் பறிக்கப்பட்ட அந்தக் காலத்தில், கோவாவிலிருந்து வந்த வாஸ் முனிவர் 1687 முதல் 1711 இல் கண்டியிலே மரிக்கும்வரை மாறுவேடத்தில் வீடுவீடாகச் சென்று மந்தையைக் காத்தார். அவருக்குப் பின் வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் 1705 முதல் 1742 வரை இந்நாட்டில் உழைத்து, சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் பல இயற்றினார். ஞாயிற்றுக்கிழமைச் சுவிசேஷப் பகுதிகளை விரித்துரைக்கும் தமிழ்ப் பிரசங்க நூலொன்றும் அவற்றுள் அடங்கும். அரசாங்கத்தின் ஆதரவுள்ள சபை ஏட்டுப் பிரசங்கத்தை வாசித்துக்கொண்டிருக்க, அரசாங்கத்தால் வேட்டையாடப்பட்ட சபை மக்கள் மொழியிலே புதிதாய் எழுதிக்கொண்டிருந்தது. 1796 இல் ஆங்கிலேயர் கொழும்பைக் கைப்பற்றி, சிறிது காலத்துக்குள் சமயக் கட்டுப்பாடுகளை நீக்கியபொழுது, இவ்விரண்டில் எது வேர்கொண்டிருந்தது என்பது வெளிப்பட்டது. தோம்பில் எழுதப்பட்ட சீர்திருத்தச் சபையார் ஆயிரமாயிரமாகக் கலைந்து, சைவத்துக்கும் பௌத்தத்துக்கும் திரும்பினர். துன்பப்பட்ட கத்தோலிக்கர் கொட்டாஞ்சேனையிலும் கொச்சிக்கடையிலும் பகிரங்கமாக மணியடித்தனர்.

இனி அடிமைகளின் காரியத்துக்கு வருவோம். இந்த வரலாற்றின் இருதயம் அதுவே.

ஒல்லாந்தக் கொழும்பிலே அடிமையில்லாத செல்வர் வீடு இல்லை. ஆபிரிக்காவிலிருந்தும் கீழ்த்தீவுகளிலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர் சமையற்கட்டிலும் பல்லக்கின் கீழும் கோட்டை வேலையிலும் உழைத்தனர்; கொம்பனியின் அடிமைகள் இரவிலே அடைக்கப்பட்ட இடந்தான் இன்று நாம் கொம்பனித்தெரு என்று வழங்கும் பகுதி. இவர்களுடைய எசமானரோ தேவபக்தியில்லாத முரடர் அல்லர். வுல்பெண்டால் மேட்டிலே 1749 இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1757 இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட அந்தப் பருத்த சுவர்களுள்ள பெருங்கோயிலில், சிலுவை வடிவான கூடத்தில் அமர்ந்து, வாரந்தவறாமல் வேதம் வாசிக்கக் கேட்டவர்கள் அவர்கள். வேதமோ இக்காரியத்தில் மௌனமானதன்று. எபிரெய அடிமையை ஏழாம் வருஷத்தில் விடுதலையாக்கவேண்டுமென்று மோசேயின் பிரமாணம் கட்டளையிடுகிறது. ஐம்பதாம் வருஷத்தில் தேசமெங்கும் விடுதலை கூறவேண்டுமென்கிறது. ஓடிப்போன ஒநேசிமு என்னும் அடிமையைத் திருப்பியனுப்பும் பவுல் அப்போஸ்தலர், அவனை அடிமையாகவல்ல, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி எசமானாகிய பிலேமோனை வேண்டுகிறார். அதே வேதத்திலே, அடிமைகள் எசமான்களுக்குக் கீழ்ப்படியவேண்டுமென்ற புத்திமதிகளும் உண்டு. எந்தப் பகுதியை எடுத்துப் பிரசங்கிப்பது என்பதிலேதான் பிரசங்கியாருடைய தைரியமும் கோழைத்தனமும் வெளிப்படும்.

ஒல்லாந்தத் திருச்சபைக்கு இது தெரியாத பிரச்சினையுமன்று. 1618 ஆம், 1619 ஆம் ஆண்டுகளிற் கூடிய டோர்ட் நகரத்து மகாசபையின் முன், கிறிஸ்தவர் வீடுகளில் வளரும் புறமதத்தாரின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்னும் வினா கீழைத்தேசத்திலிருந்தே வந்தது. ஞானஸ்நானம் பெற்ற அடிமைக்கு மற்றக் கிறிஸ்தவர்க்குள்ள சுயாதீனமும் உரித்தாகவேண்டும் என்று அங்கே வாதித்தவர் இருந்தனர். அதன் விளைவு என்னவாயிற்று? அடிமையை விடுதலையாக்குவதற்குப் பதிலாக, அடிமைக்கு ஞானஸ்நானம் கொடுக்கத் தயங்குவதே பல எசமானர்க்கு வசதியாயிற்று. வசனம் ஒரு கடமையைச் சுட்டும்பொழுது, மனிதன் கடமையைச் செய்யாமல் வசனத்தையே தன் வீட்டுக்குத் தூரமாக்கிக்கொள்ளும் இந்தத் தந்திரத்தை நான் படித்தறிந்த நாள் முதல், எந்தத் தேசத்துச் சபை வரலாற்றை வாசித்தாலும் அதனைத் தேடிப் பார்க்கிறேன், பெரும்பாலும் காண்கிறேன்.

இவ்வாறிருக்க, புதுக்கடையின் நியாயாசனத்திலே 1811 இல் பிரதம நீதியரசராய் அமர்ந்தார் சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன். 1775 இற் பிறந்த இவர், தந்தை மதுரையில் உத்தியோகம் பார்த்தபடியால் சிறுவயதிலேயே தமிழகத்துக்கு வந்து, தஞ்சையிலும் திருச்சியிலும் ஊழியஞ்செய்த சுவார்ட்ஸ் ஐயரிடம் பாடங்கேட்டவர். தமிழ் முதலிய தேச பாஷைகள் சிறுவயதிலேயே இவருக்கு வாய்த்தன. சுவார்ட்ஸ் ஐயரோ 1750 இல் தரங்கம்பாடிக்கு வந்து 1798 இல் தஞ்சையில் மறையும்வரை, மைசூரின் ஹைதரலியும் நம்பித் தூதுக்கழைத்த சத்தியவந்தர். 1760 இல் இலங்கைக்கும் வந்து யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பிரசங்கித்தவர். குருவின் குணம் மாணவரிடத்திற் படிந்தது என்று நிரூபிக்க நீதிமன்றச் சாட்சியம் என்னிடமில்லை. ஆயினும், தன் அதிகாரத்தை ஏவிக் கட்டளையிடக்கூடியவர் கட்டளையிடாமல் ஆண்டுக்கணக்காகப் பொறுத்திருந்து இணங்கச்செய்த முறைமையிலே, அந்தப் பழைய ஊழியரின் சாயலைக் காண்பது பிழையாகாது.

ஜோன்ஸ்டன் முதலிற் செய்தது ஜூரி முறையை நாட்டினருக்குத் திறந்துவிட்டமை. 1811 இன் சாசனத்தால், பறங்கியரும் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் தத்தம் சமூகத்தவருடைய குற்ற வழக்குகளில் ஜூரிகளாய் அமரும் உரிமை பெற்றனர். பிறனொருவனுடைய உயிரையும் சுயாதீனத்தையும்பற்றிச் சத்தியத்தின்மேல் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு ஒருவன் கைக்கு வரும்பொழுது, அவன் தன்னைத்தானே எடைபோடத் தொடங்குகிறான். வாரந்தோறும் வுல்பெண்டாலில் வசனத்தைக் கேட்டு எழுந்துபோன ஒல்லாந்த வமிசத்தார், இப்பொழுது ஜூரிகளாய் அமர்ந்து, அடிமையொருவன் குற்றஞ்சாட்டப்பட்டவனாகவோ சாட்சியாகவோ முன்னிற்க, அவனுடைய வாயிலிருந்தே அவனுடைய வாழ்க்கையைக் கேட்கவேண்டியவராயினர். வீட்டிற்குள் குரலில்லாதவன் நீதிமன்றத்தில் குரல் பெற்றான். எசமானரிடத்து உண்டான மாற்றத்தைத் தமது நெடுநாள் முயற்சியின் பலனாகவே ஜோன்ஸ்டன் கருதினார். ஜூரி உரிமையால் மேன்மை பெற்றோர், அந்த மேன்மைக்குத் தக்க செய்கை ஒன்றைத் தாமாகவே செய்ய விரும்பினர் என்று பின்னாளிற் கடிதமொன்றில் எழுதினார்.

அந்தச் செய்கை 1816 இல் நிகழ்ந்தது. கொழும்பு ஒல்லாந்த வமிசத்து ஜூரிமார் கூடி, அவ்வாண்டு ஆகஸ்டு 12 ஆம் திகதி தொடக்கம் தங்கள் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் யாவரும் பிறப்பினாலேயே சுயாதீனர் எனத் தீர்மானித்தனர்; பிள்ளைகளைப் பதினான்கு வயதுவரை தாங்களே போஷித்து வளர்ப்பதாகவும் ஒப்புக்கொண்டனர். அந்தத் தினம் இங்கிலாந்தின் பட்டத்துரிமை இளவரசருடைய பிறந்தநாள். இராஜ விசுவாசத்தின் பெயரால் மனிதநேயத்தை மேற்கொள்ளச் செய்த யுக்தி அது. செட்டிகளும் முஸ்லிம்களும் ஏனைய சமூகத்தவரும் பின்னர் அவ்வாறே இணங்கினர். எந்தப் படையும் அனுப்பப்படவில்லை, எந்தச் சொத்தும் பறிக்கப்படவில்லை, எவருக்கும் நட்டஈடு கொடுக்கப்படவுமில்லை. பிரித்தானிய பாராளுமன்றம் தன் பேரரசின் அடிமைகளை விடுவிக்கும் சட்டத்தை 1833 இலேயே நிறைவேற்றியது என்பதையும், அச்சட்டம் இலங்கையை விலக்கி வைத்தது என்பதையும் சேர்த்து நோக்கினால், 1816 இன் புதுக்கடைத் தீர்மானத்தின் பெருமை தெளிவாகும்.

ஜோன்ஸ்டன் வேதவாக்கியங்களை எடுத்தோதி அந்த எசமானரை வென்றார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 1812 இல் தேசாதிபதி பிரவுண்ரிக்கின் ஆதரவில் கொழும்பிலே வேதாகமச் சங்கம் நிறுவப்பட்டபொழுது அதிலே முன்னின்றவர்களுள் அவரும் ஒருவர். வேதத்தை நாட்டு மொழிகளில் அச்சிட்டுப் பரப்புதலும், நாட்டு மக்களை நீதியின் ஆசனத்தில் அமர்த்துதலும், அடிமையின் பிள்ளையை விடுவித்தலும் அவருக்கு மூன்று வேறு காரியங்களாயிருக்கவில்லை. ஒன்றரை நூற்றாண்டு பிரசங்கம் செய்யாததை ஜூரிக் கூடு செய்தது என்று கூறுவதும் முழு உண்மையாகாது. விதைத்தவர் யாரென்று அறியாமலே அறுத்தவர் உண்டு. பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தைச் சிறுவயதிலே கேட்டு மறந்தவனுக்கும், நெருக்கடி வேளையில் அது நினைவுக்கு வரக்கூடும். மறந்ததை நினைக்கச் செய்யும் ஒரு நிலைமையை ஜோன்ஸ்டன் உண்டாக்கினார்.

ஆனால் அந்தத் தீர்மானத்தின் குறையை மறைத்தலும் நமக்கு முறையன்று. பிறக்கப்போகும் பிள்ளைக்கு விடுதலை, பெற்ற தாய்க்கு அடிமைத்தனம் என்பதே அதன் பொருள். மார்போடணைத்துப் பாலூட்டியவள் எசமானுடைய சொத்து. அவள் மடியிற் கிடந்த மகவு சுயாதீனப் பிரஜை. பழைய ஏற்பாட்டை ஊன்றிப் படித்தவருக்கு இவ்விடத்தில் எரேமியா தீர்க்கதரிசியின் ஆகமத்திலே முப்பத்துநான்காம் அதிகாரம் நினைவுக்கு வரும். எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்த வேளையிலே, அரசன் சிதேக்கியாவும் பிரபுக்களும் தேவனுக்கு முன்பாக உடன்படிக்கை பண்ணித் தங்கள் எபிரெய அடிமைகளை விடுதலையாக்கினர். ஆபத்துச் சற்று நீங்கியதும் மனம் மாறி அவர்களை மறுபடியும் பிடித்துக்கொண்டனர். தீர்க்கதரிசியின் கோபம் அந்த மனமாற்றத்தின்மேல் எரிகிறது. கொழும்பார் தங்கள் வாக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. எருசலேமின் பிரபுக்களிலும் அவர்கள் மேலானவர்கள். ஆயினும் எரேமியாவைப்போல் ஒரு பிரசங்கியார் அக்காலத்து வுல்பெண்டாலில் இருந்திருந்தால், தாய்மாருக்கும் அப்போதே விடுதலை வந்திருக்கும் என்று எண்ணாமலிருக்க என்னாலே கூடவில்லை. அடிமைத்தனம் கொழும்போடு நிற்கவுமில்லை; யாழ்ப்பாணத்திலே கோவியர், நளவர், பள்ளர் என்னும் சாதியாரிற் பலர் வெள்ளாளக் குடிகளுக்கு அடிமைகளாய்ப் பதியப்பட்டிருந்தனர். இலங்கையில் அடிமைத்தனம் சட்டத்தால் அடியோடு நீங்கியது 1844 இல். தீர்மானத்துக்கும் அதற்கும் இடையில் இருபத்தெட்டு ஆண்டுகள்.

தீர்மானம் நிகழ்ந்த அதே ஆண்டு டிசம்பரில், மேட்டிலிருந்து இறங்கும் டாம் வீதியிலே, வெஸ்லியன் மிஷனரிமாரின் தேவாலயம் திறக்கப்பட்டது. ஆசியாவின் முதல் மெதடிஸ்த ஆலயம் அதுவென்பர். பிரவுண்ரிக்கின் காலத்திலேயே ஜிந்துப்பிட்டியில் தமிழ்ப் புரொட்டஸ்தாந்தருக்கென்று புனித தோமாவின் கோயில் எழுந்தது. சுவார்ட்ஸ் ஐயரின் இன்னொரு மாணவரான கிறிஸ்தியான் தாவீது என்னும் தஞ்சைத் தமிழர் இலங்கையில் நெடுங்காலம் ஊழியஞ்செய்து, 1824 இல் கல்கத்தாவிலே ஹீபர் அத்தியட்சரின் கையால் ஆங்கிலச் சபைக் குருப்பட்டம் பெற்றார். துவிபாஷியில்லாமல், ஏட்டிலிருந்து வாசியாமல், தமிழன் தமிழனுக்குப் பிரசங்கிக்கும் காலம் இவ்வாறு மெல்லப் பிறந்தது. வடக்கிலே பேர்சிவல் பாதிரியார் தமிழ் வேதாகமத்தைத் திருத்திப் பெயர்த்த பணியில் உதவிய ஆறுமுக நாவலர், 1847 இன் கடைசி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தம் முதற் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். பிரசங்கம் என்னும் கலை அதன்பின் தமிழர் யாவர்க்கும் பொதுவாயிற்று.

சுவார்ட்ஸ் ஐயரின் பள்ளியிலிருந்தே வேறொரு பாடமும் நமக்குண்டு. அவரிடம் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியார், தமிழ்க் கிறிஸ்தவருடைய பாடல்களுக்கெல்லாம் தந்தை போன்ற மகாகவி, சாதியாசாரம் சபைக்குள் இருக்கலாம் என்று கடைசிவரை வாதாடினார். 1833 இல் கல்கத்தா அத்தியட்சர் டானியேல் வில்சன், சாதிப்பாகுபாட்டைச் சபைகளில் முற்றாக ஒழிக்கவேண்டுமென்று கட்டளையிட்டபொழுது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பெருந்தொகையானோர் விலகிச் சென்றனர். ஒரே குருவின் நிழலில் வளர்ந்தவருள் ஒருவர் அடிமையின் பிள்ளையை விடுவித்தார். மற்றொருவர் அயலான் ஒருவனோடு ஒரே வரிசையில் இருந்து நற்கருணைப் பாத்திரத்தில் அருந்த இணங்கவில்லை. சாஸ்திரியாரின் பாடல்களை உருகிப் பாடும் நான் இதனைக் குறைகூறும் நோக்கத்துடன் எழுதவில்லை. வேதத்தை மனப்பாடமாய் அறிதலும், அது தன் சொந்தக் குலத்தையும் உணவையும் ஆசனத்தையும் தீண்ட இடங்கொடுத்தலும் வெவ்வேறு என்பதற்கு இதனிலும் வலிய சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

வேதம் தன் சொந்த வாழ்வைத் தீண்ட இடங்கொடுப்பதா என்னும் அந்தக் கேள்வி, இலங்கையில் அடிமைச் சட்டம் நீங்கிய பின்னும் நீங்கவில்லை. அக்காலத்திலேயே தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு மக்கள் நடந்து வரத் தொடங்கினர். கங்காணியின் கடனும், அக்கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போகவிடாத துண்டு என்னும் சீட்டும் அவர்களைத் தோட்டத்தோடு பிணைத்தன. 1854 இல் அவர்களுக்கென்று தமிழ்க் கூலி மிஷன் தொடங்கப்பட்டு, திருநெல்வேலி முதலான இடங்களிலிருந்து உபதேசிமார் லயங்கள் என்னும் தோட்டத்து வரிசைவீடுகளுக்கு அனுப்பப்பட்டனர். அந்த மிஷனின் செலவுக்குக் கைகொடுத்தவர்களுள் தோட்டத் துரைமாரும் இருந்தனர். எகிப்திலிருந்து இஸ்ரவேலர் புறப்பட்ட கதையை அந்த உபதேசியார் லயத்து வாசலில் தமிழிலேயே எடுத்துச் சொன்னார், கேட்டவர் விளங்கிக்கொண்டனர், துவிபாஷி தேவைப்படவில்லை. ஆனால் துண்டைப்பற்றி அவர் பேசினால் மறுமாதச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதை அவரும் அறிந்திருந்தார், கேட்டவரும் அறிந்திருந்தனர். ஒல்லாந்தர் காலத்துப் பிரசங்கியாருக்கு மொழியில்லை. இவருக்கு மொழியுண்டு, சுயாதீனமில்லை. துண்டு முறை 1921 இலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதுவரை அறுபத்தேழு ஆண்டுகள் மலைநாட்டு லயங்களிலே யாத்திராகமம் வாசிக்கப்பட்டுக்கொண்டேயிருந்தது.